வெப் ஹோஸ்டிங்: வாங்கும்போதே வெளியேறும் வழியைப் பார்த்து வையுங்கள்

ஹோம்ஸ்டே, ஹோம்மேட் சாக்லேட், தைலம், தேன், காபித்தூள் என்று எதையாவது வைத்துப் பிழைப்பு நடத்திக்கொண்டு, அதற்கென்று ஒரு சின்ன வெப்சைட்டும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாஃப்ட்வேர் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

நாங்கள் இருப்பது கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பெருமாள்மலை. பழனி ரோடு வந்து வத்தலக்குண்டு ரோட்டில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே வீடு. இரண்டு அறையை விருந்தினர்களுக்கு விடுகிறோம். காபித்தூளும் மலைப்பூண்டும் பார்சலில் போகும். புக்கிங் ஆப்களுக்குக் கமிஷன் கொடுத்துக் கட்டுப்படியாகாமல்தான் சொந்தமாக சைட் போட்டோம். கட்டிக் கொடுத்தவன் சென்னையில் இருக்கும் கொழுந்தனார் மகன். வேலை முடிந்ததும் அவன் சொன்னது, "பெரியம்மா, இனிமே பாஸ்வேர்டு எல்லாம் உங்ககிட்டதான். என்னை எதுக்கும் கூப்பிட வேணாம்." கூப்பிடத்தான் செய்கிறேன். ஆனால் ஹோஸ்டிங் கம்பெனியோடு மல்லுக்கட்டும் வேலை முழுக்க என்னுடையது. முதல் கம்பெனியோடு சில வருஷம் இருந்து, பிறகு வேறு இடத்துக்கு மாறினோம். யார் என்ன கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எங்கே போனாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

பெயர் யார் பெயரில் இருக்கிறது?

உங்கள் சைட் என்பது உண்மையில் மூன்று தனித்தனி சரக்கு. டொமைன், அதாவது பெயர். ஹோஸ்டிங், அதாவது பக்கங்களும் படங்களும் உட்கார்ந்திருக்கிற சர்வர் இடம். மூன்றாவது, அந்தப் பெயரில் வரும் ஈமெயில். மூன்றையும் ஒரே கம்பெனி ஒரே பில்லில் கொடுப்பதால் மூன்றும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். கடை வாடகைக்கு இருக்கலாம், போர்டு நம்முடையதாக இருக்க வேண்டும் என்று பஜாரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டொமைன்தான் அந்த போர்டு.

எங்களுக்குத் தெரிந்த சாக்லேட் கடைக்காரர் ஒருவர் சைட்டைப் புதுப்பிக்கப் போனபோதுதான், டொமைன் அவருக்கு சைட் செய்து கொடுத்த டிசைனரின் கணக்கில் இருப்பது தெரிந்தது. "அக்கா, காசு கட்டினது நானு, பேரு அவர் பேர்லக்கா" என்று வந்து உட்கார்ந்தார். டிசைனர் நல்ல மனிதர், மாற்றிக் கொடுத்துவிட்டார். எல்லா டிசைனரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் கம்பெனியை மூடிவிட்டு வெளிநாடு போய்விடுகிறார்கள்.

அதனால் இன்றைக்கே பார்க்க வேண்டியது இது: டொமைன் கணக்கின் லாகின் உங்கள் கையில் இருக்கிறதா, அதில் பதிந்திருக்கும் ஈமெயிலும் மொபைல் எண்ணும் உங்களுடையவையா? ஹூ-இஸ் என்ற டொமைன் விவரத் தேடலில் முன்பெல்லாம் உரிமையாளர் பெயர் வெளிப்படையாகத் தெரியும். 2018-க்குப் பிறகு பெரும்பாலான டொமைன்களுக்குத் தனிநபர் விவரத்தை மறைத்துவிடுகிறார்கள். ஆகவே லாகின் செய்து பார்ப்பதுதான் நம்பகமான வழி.

அந்தப் பதிந்த ஈமெயிலில் ஒரு பொறி இருக்கிறது. பலர் அங்கே தங்கள் சைட் பெயரிலேயே உள்ள முகவரியைக் கொடுத்திருப்பார்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் சேர்ந்து நின்றுவிடும். "உங்கள் டொமைன் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பியுங்கள்" என்ற எச்சரிக்கை, எந்த மெயில் நின்றுபோனதோ அதே மெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கும். சாதாரண ஜிமெயில் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

காலாவதியான டாட் காம் பெயர் உடனே பறிபோய்விடாது. பதிவுக் கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலேயே மீட்க இடம் தருவார்கள். அதைத் தாண்டி அழிப்புக்குப் போனால் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் கனமாக இருக்கும். அப்புறம் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 45 நாள் என்பது உச்ச வரம்பு. சில கம்பெனிகள் அதற்கு முன்பே ஏலத்துக்கு விட்டுவிடும். அந்தக் கணக்கை நம்பி உட்காராமல் டொமைனுக்கு மட்டும் இரண்டு மூன்று வருஷம் சேர்த்துக் கட்டிவிடுவது நிம்மதி. ஹோஸ்டிங்குக்கு அப்படிச் செய்யாதீர்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

விலைப் பட்டியலைப் படிக்கும் விதம்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மாதக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் மூன்று நான்கு வருஷத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் கிடைக்கும் விலை. அதன் கீழே, பல்லிடுக்கில் சொல்வதுபோலச் சின்ன எழுத்தில், ரினியூவல் விலை இருக்கும். எங்கள் பழைய கம்பெனியில் ரினியூவல் பில் ஆரம்ப விலையைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இது ஏமாற்று இல்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு வருஷத்து ரினியூவல் விலை, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, இரண்டையும் கூட்டி 12-ஆல் வகுத்து வரும் தொகைதான் உங்கள் மாத வாடகை. அதை வைத்துக் கம்பெனிகளை ஒப்பிடுங்கள். முதல் முறை ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுப்பது நல்லது, கொஞ்சம் கூட ஆனாலும் சரி. ஒரு கம்பெனியின் குணம் ஒரு சீசன் தாண்டினால்தான் தெரியும்.

"அன்லிமிடெட்" என்று போட்டிருந்தால் ஐநோட் வரம்பு எவ்வளவு என்று தேடுங்கள். ஐநோட் என்றால் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்ற எண்ணிக்கை. ஒரு படம் ஒரு ஃபைல். ஒரு மெயிலும் ஒரு ஃபைல்தான். சர்வரிலேயே பல வருஷத்து மெயில் குவிந்து கிடந்தால், இடம் தாராளமாக இருக்கும்போதே "வரம்பு தாண்டிவிட்டீர்கள்" என்று நோட்டீஸ் வரும்.

99.9 சதவீதம் அப்டைம் உத்தரவாதம் என்பதும் இப்படித்தான். முப்பது நாள் மாதத்தில் 43,200 நிமிடம். அதில் 0.1 சதவீதம் 43 நிமிடம். அதாவது மாதம் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் சைட் நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. தாண்டினால்கூட ஈடு என்று கொடுப்பது அடுத்த பில்லில் ஒரு சின்னக் கழிவு. மே மாதம் சனிக்கிழமை சாயந்தரம் போன புக்கிங்கை அது திருப்பித் தராது. இந்த உத்தரவாதத்துக்கு நான் ஒரு மதிப்பெண்ணும் போடுவதில்லை.

சர்வர் எந்த ஊரில் என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். நம் வாடிக்கையாளர்கள் மதுரை, கோவை, சென்னை, பெங்களூர்க்காரர்கள். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒரு தகவல் போய்த் திரும்பவே கால் வினாடிக்குப் பக்கம் ஆகும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டும். மும்பையோ சிங்கப்பூரோ என்றால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு, அதாவது சைட் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்கு, தனியாகப் பணம் கேட்டால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை 2015 கடைசியிலிருந்து இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சைட் நின்றால் முதலில் யாரைத் திட்டுவது

மலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். மழை ஒருபக்கம், மரம் விழுந்து கேபிள் அறுந்தது ஒருபக்கம், கரண்ட் கட் ஒருபக்கம். நம் வீட்டில் சைட் திறக்கவில்லை என்றால் சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். டவரும் அதே கேபிளை நம்பியிருக்கலாம் என்பதால், கீழே வத்தலக்குண்டிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவருக்கு லிங்க்கை அனுப்பி, "திறக்குதா பாரு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பு" என்று கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் முக்கியம். "வரல அத்தை" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் படத்தில் இருக்கும் எண்தான் நோயைச் சொல்லும். 404 என்றால் அந்தப் பக்கம் மட்டும் இல்லை, சர்வர் உயிரோடு இருக்கிறது. 500 என்றால் பெரும்பாலும் நம் சைட்டில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்த பிளகின் ஏதோ அப்டேட் ஆகி உடைந்திருக்கிறது. 503 என்றால் சர்வர் திணறுகிறது அல்லது பராமரிப்பில் இருக்கிறது. 508 வந்து ரிசோர்ஸ் லிமிட் என்று போட்டிருந்தால், உங்கள் பிளானுக்கு ஒதுக்கிய அளவைத் தாண்டிவிட்டீர்கள். "பாதுகாப்பற்றது" என்று சிவப்பில் வந்தால் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பாருங்கள். எண்ணே இல்லாமல் சர்வர் முகவரியே கிடைக்கவில்லை என்று வந்தால் டொமைன் காலாவதி ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்களுக்கு வந்தது 508. கதை இப்படி. 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. விருந்தினர்கள் போன் போட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்ததால், எப்படி எடுப்பது என்று சைட்டில் ஒரு பக்கம் போட்டோம். அறை கேட்டு வருகிறவர்களைவிட அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். விடுமுறைக்கு முந்தின சாயந்தரங்களில் சைட் மூச்சுத் திணற ஆரம்பித்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"மேடம், உங்க சைட்டுக்கு ட்ராஃபிக் அதிகமாயிடுச்சு. அடுத்த பிளானுக்கு அப்கிரேட் பண்ணிக்கங்க."

"சரி தம்பி, எந்த லிமிட் தாண்டுச்சு? சிபியுவா, மெமரியா? எத்தனை மணிக்கு?"

"அதுதான் மேடம், ட்ராஃபிக் அதிகம்."

"அது தெரியுது தம்பி. எந்த லிமிட்?"

"அப்கிரேட் லிங்க் மெயில்ல அனுப்புறேன் மேடம்."

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. அவன் முன்னால் இருக்கும் திரையில் அவ்வளவுதான் இருந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், போனையும் சாட்டையும் விட, கம்பெனியின் தளத்தில் டிக்கெட், அதாவது எழுத்தில் புகார், போடுவது மேல். டிக்கெட் என்றால் எழுத்தில் இருக்கும், எண் இருக்கும், ஒருவர் கையில் பதில் இல்லையென்றால் மேலே உள்ளவருக்குப் போகும்.

டிக்கெட்டில் என்ன எழுதுவது? எந்த முகவரி, என்ன எண் வந்தது, எந்த நெட்வொர்க்கிலிருந்து, எந்த ஊரிலிருந்து, கடைசியாக நீங்கள் எதை மாற்றினீர்கள், ஸ்க்ரீன்ஷாட். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். சர்வர்களின் குறிப்பேடு பல இடங்களில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். இரவு 8:10-க்கு நின்றது என்றால் அங்கே 14:40. "நேற்று ராத்திரி சைட் வரவில்லை" என்று எழுதினால், "இப்போது சரியாக இருக்கிறது, டிக்கெட்டை மூடுகிறோம்" என்று பதில் வரும். "மே 18, இந்திய நேரம் இரவு 8:10 முதல் 8:50 வரை, யுடிசி 14:40 முதல் 15:20 வரை, 508 பிழை; அந்த நேரத்தில் எந்த வரம்பு தாண்டியது என்ற பதிவை அனுப்பவும்" என்று எழுதிப் பாருங்கள். பதிலின் தொனியே மாறும். ஒரு டிக்கெட்டில் ஒரு பிரச்சினைதான். மெயில் வராததையும் பில் தகராறையும் அதிலேயே சேர்த்தால், எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் சொல்லி மூடிவிடுவார்கள்.

அப்கிரேட் செய்வதற்கு முன் நம் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் பார்க்கலாம். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் என்று ஒரு பக்கம் பல கம்பெனிகளில் இருக்கும், எந்த நேரத்தில் எது முட்டியது என்று கோடு போட்டுக் காட்டும். எங்கள் சைட் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது. ஒவ்வொருவர் வரும்போதும் பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கேஷ் பிளகின் போட்டதும் தயாராக இருக்கும் பக்கத்தையே எல்லோருக்கும் நீட்ட ஆரம்பித்தது, பாதித் திணறல் அதிலேயே போய்விட்டது. மீதி, படங்கள். போனில் எடுத்த பனிமூட்டப் படம் ஒன்று நாலைந்து எம்பி இருக்கும். அதையே அகலம் 1,600 பிக்சலாகக் குறைத்து 200, 300 கேபிக்குள் கொண்டுவந்தால் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பக்கம் சீக்கிரம் திறக்கும், பேக்கப்பும் சிறுக்கும்.

பேக்கப் நம் கையில்

"நாங்கள் தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்று கம்பெனி சொன்னால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பித் தூங்காதீர்கள். கணக்கை முடக்கினால் அந்த பேக்கப்பும் சேர்ந்து முடங்கும். சிலர் அதைத் திரும்பப் போட்டுக் கொடுக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள், நிபந்தனைகளில் பாருங்கள்.

சிபேனலில் இரண்டு வகை பேக்கப் இருக்கிறது, வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். முழு பேக்கப் என்பதை நீங்கள் இறக்கிக்கொள்ளலாம், ஆனால் உங்கள் சிபேனல் வழியாகத் திருப்பி ஏற்ற முடியாது, கம்பெனிக்காரர்தான் ஏற்ற வேண்டும். பகுதி பேக்கப்பில் ஹோம் டைரக்டரி (சைட்டின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்), டேட்டாபேஸ், மெயில் ஃபார்வர்டர்கள் தனித்தனியாக வரும், அவற்றை நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். இரண்டையும் எடுத்து வையுங்கள். வேர்ட்பிரஸில் படங்களும் டிசைனும் ஃபைல்களாக இருக்கும். நீங்கள் எழுதியவை, புக்கிங் விவரம், விலை எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். ஃபைலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

2 ஜிபி பேக்கப், இணைப்பு 10 எம்பிபிஎஸ் என்றால் இறக்க 27 நிமிடம்போல ஆகும். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் வாங்கி மாட்டுங்கள், மலையில் அது ஆடம்பரம் இல்லை. இறக்கியதும் ஜிப்பைத் திறந்து, உள்ளே டேட்டாபேஸ் ஃபைலின் அளவு பூஜ்ஜியமாக இல்லையே என்று பாருங்கள். அப்புறம் பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. மாதம் ஒரு முறை போதும், சீசன் நேரத்தில் வாரம் ஒன்று.

மாறும்போது செய்யும் வரிசை

நேரம் பார்ப்பது முதல் வேலை. ஏப்ரல், மே, பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம், இதிலெல்லாம் கை வைக்கவே கூடாது. நான் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். சனி ஞாயிறில் இரண்டு கம்பெனியிலும் விஷயம் தெரிந்த ஆட்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

பழைய பிளான் முடிய ஒரு மாதமாவது இருக்கும்போதே புதிய இடத்தை வாங்கிவிடுங்கள். இரண்டு வாடகை கொஞ்ச நாள் ஓடும், ஓடட்டும்.

அடுத்து, டிஎன்எஸ் பக்கத்துக்கு, அதாவது உங்கள் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற முகவரிப் பட்டியலுக்கு, போய் அங்கே இருக்கும் ஒவ்வொரு வரியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஏ ரெக்கார்ட் சைட் எந்த சர்வரில் என்று சொல்வது. எம்எக்ஸ் ரெக்கார்ட் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது. டெக்ஸ்ட் ரெக்கார்டுகளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் போன்றவை இருக்கும். நீங்கள் அனுப்பும் மெயில் போலி இல்லை என்பதற்கான அத்தாட்சி அவை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கறாராகக் கேட்கிறது. சைட்டை மாற்றிவிட்டு இதைக் கோட்டைவிட்டால், சைட் ஜோராக இருக்கும், புக்கிங் உறுதி மெயில் மட்டும் ஸ்பாமுக்குப் போகும் அல்லது திரும்பி வரும். விருந்தினர் "மெயிலே வரலையே" என்று போன் போடும்வரை தெரியாது.

ஏ ரெக்கார்டுக்குப் பக்கத்தில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், வினாடிக் கணக்கு. 14,400 என்றிருந்தால் பழைய முகவரியை உலகம் நாலு மணி நேரம் ஞாபகம் வைத்திருக்கும். மாற்றுவதற்கு முந்தின நாளே அதை 300 ஆக்கிவிடுங்கள். பிறகு எதுவானாலும் ஐந்து நிமிடத்தில் முன்னும் பின்னும் போய்வரலாம். இந்த ஒரு காரியத்தைச் செய்யாதவர்கள்தான் "48 மணி நேரம் காத்திருங்கள்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஃபைல்களையும் டேட்டாபேஸையும் புதிய இடத்தில் ஏற்றுங்கள். பல கம்பெனிகள் இதை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லும், செய்யவும் செய்யும். வாங்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றியதும் உடனே டிஎன்எஸ்ஸை மாற்றாதீர்கள். விண்டோஸில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் புதிய சர்வரின் ஐபி எண்ணையும் உங்கள் டொமைனையும் ஒரு வரியாக எழுதிச் சேமித்தால், உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் புதிய இடத்தில் உள்ள சைட் தெரியும். உலகத்துக்குப் பழையதே தெரிந்துகொண்டிருக்கும். எஸ்எஸ்எல் எச்சரிக்கை வரலாம், பயப்பட வேண்டாம். சான்றிதழ் பெரும்பாலும் டொமைன் அங்கே திரும்பிய பிறகுதான் கிடைக்கும். படங்கள் எல்லாம் வருகின்றனவா, தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறவில்லையே, புக்கிங் ஃபார்ம் போகிறதா, பணம் கட்டும் பக்கம் திறக்கிறதா என்று நிதானமாகச் சொடுக்கிப் பாருங்கள். தமிழ் எழுத்து உடைந்திருந்தால், பெரும்பாலும் டேட்டாபேஸை ஏற்றும்போது எழுத்து வகை (யுடிஎஃப்-8 எம்பி4 போன்றது) பொருந்தவில்லை என்று அர்த்தம். அதைச் சொல்லித் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் போட்ட வரியை எடுத்துவிடுங்கள்.

மாற்றும் நாளில் புக்கிங் ஃபார்மை நிறுத்தி, "புக்கிங்குக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்" என்று ஒரு வரி போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் பழைய சர்வரில் ஒரு புக்கிங்கும் புதியதில் ஒரு புக்கிங்குமாக ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும். கடைசியாக ஒரு முறை டேட்டாபேஸை எடுத்து ஏற்றிவிட்டு, ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். அந்த டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினால் மெயில் வரிகள் எல்லாம் சேர்ந்து போய்விடும், அவற்றைப் புதிய இடத்தில் முதலில் எழுதியிருந்தால் மட்டும் அதைச் செய்யலாம். நேம்சர்வர் பழைய ஹோஸ்டிங் கம்பெனியுடையதாகவே இருந்தால், கணக்கை மூடுவதற்குள் அந்த மாற்றத்தையும் தனியாக ஒரு நாள் செய்தாக வேண்டும்.

டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றும் வேலையை இதோடு சேர்க்காதீர்கள், அது தனி நாள். டாட் காம் போன்ற பெயர்களுக்குப் பதிவு செய்த 60 நாளுக்குள் மாற்ற இயலாது. ஆத் கோட் என்ற ரகசியக் குறியீட்டைக் கேட்டால் 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது, உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. இழுத்தடித்தால் டிக்கெட்டில் இந்த விதியைச் சொல்லுங்கள்.

கணக்கை மூடுவது

பழைய சர்வரில் உள்ள மெயில்களைத் தண்டர்பேர்டு போன்ற ஒரு செயலியில் பழைய, புதிய இரண்டு மெயில் கணக்கையும் சேர்த்து, ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போடுங்கள். கணக்கு மூடினால் அவை போனது போனதுதான். ஜிஎஸ்டி பில்கள் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள், ஆடிட்டர் மார்ச்சில் கேட்பார்.

ஆட்டோ ரினியூவலைக் கம்பெனி கணக்கில் அணைப்பதோடு நிற்காமல், வங்கிப் பக்கத்திலும் இ-மேண்டேட்டை, அதாவது தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, ரத்து செய்யுங்கள். 2021 அக்டோபர் முதல் அமலான ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு வருஷத்துப் பணம் போய்விடும். பணம் திரும்ப வாங்கும் அத்தியாயம் எந்தக் கம்பெனியிலும் இனிமையானது இல்லை. அப்படி மாட்டிக்கொண்டால், டிக்கெட் எண்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். வியாபாரத்துக்காக வாங்கியது என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது; ஹோஸ்டிங் போன்ற சேவைக்கும் அது பொருந்துமா என்று 1915-லேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடுவதற்கு முன் பழைய சர்வரில் ஒரு வேலை பாக்கி. விருந்தினர்களின் ஆதார் நகல்கள் அப்லோட் ஃபோல்டரில் கிடக்கும், அவர்களின் போன் எண்கள் டேட்டாபேஸில் இருக்கும். புதிய இடத்தில் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, பழையதில் இருக்கும் ஃபைல்களையும் டேட்டாபேஸையும் நீங்களே அழித்துவிட்டு, பழைய பேக்கப்களையும் அழிக்கும்படி ஒரு டிக்கெட் போட்டு, "அழித்துவிட்டோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அப்புறம் ரத்து பொத்தானை அழுத்துங்கள்.